ஜெர்மன் சாப்பாட்டுக்கு எந்த வெள்ளை ஒயின்? 10 யூரோவுக்குள் ஓர் ஒப்பீடு

டிசம்பர் பிறந்தால் போதும், ஜெர்மனியின் பல மூலைகளில் இருக்கும் தமிழ் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரி செய்தி வரும். "சனிக்கிழமை கூட வேலை பாக்கறவங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். காஸ்லரும் சாவர்க்ராவ்ட்டும் செய்யறேன். ஒயின் எது வாங்கறது? கடையில நூறு பாட்டில் நிக்குது." காஸ்லர் என்பது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி, சாவர்க்ராவ்ட் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்.

மைன்ஸ் நகரத்தில் 12 வருடமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு ஒயின் தெரியும் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஊர் அப்படி. சுற்றிலும் ரைன்ஹெஸ்ஸன், ஜெர்மனியின் 13 ஒயின் வட்டாரங்களில் பரப்பளவில் பெரியது அதுதான். சனிக்கிழமை காலையில் பேராலயத்தை ஒட்டிய சந்தையில், காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றபடியே ஒயின் குடிப்பார்கள். "வெக், வோர்ஷ்ட் உன் வோய்" என்பது இங்கத்துப் பேச்சு. ரொட்டி, சாசேஜ், ஒயின், மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள். பாட்டிலில் 'லீப்லிஷ்' என்று எழுதியிருந்தது. அகராதியைப் பார்த்தேன்: இனிமையான, அழகான. ஆகா, விருந்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று மூன்று பாட்டில் வாங்கினேன். உப்புக்கறியோடு சர்க்கரைத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. விருந்தாளிகள் மரியாதைக்காக ஒரு கிளாஸை முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். லேபிளில் 'லீப்லிஷ்' என்பது சட்டப்படி ஓர் இனிப்பு அளவு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எந்தத் திராட்சை, எந்த ஊர் என்பதைவிட அந்த ஒரு சொல்தான் விருந்தைக் காப்பாற்றும் அல்லது கவிழ்க்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## முதலில் லேபிளில் ஒரு சொல்

'டிரோக்கன்', அதாவது 'உலர்ந்தது', என்றால் சர்க்கரை இல்லாதது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சட்டம் கொஞ்சம் தாராளமானது. லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ஒயினின் புளிப்பு அதிகமாக இருந்தால், அமிலத்தின் அளவோடு 2 கிராம் கூட்டி, 9 கிராம் வரை போகலாம். ஆகவே 'டிரோக்கன்' என்று எழுதிய இரண்டு பாட்டில்களில் ஒன்றில் 1 கிராமும் மற்றதில் 9 கிராமும் இருக்க முடியும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் மலிவான ஒயின்களில் பல அந்த மேல் எல்லையை ஒட்டியே நிற்கும். புளிப்பை மட்டுப்படுத்த அது சுலபமான வழி.

அடுத்த படி 'ஹால்ப்ட்ரோக்கன்', அதாவது பாதி உலர்ந்தது. 12 கிராம் வரை. புளிப்பு துணைக்கு இருந்தால் 18 வரை. அதற்கு மேல் 45 வரை 'லீப்லிஷ்'. அதையும் தாண்டினால் 'ஸ்யூஸ்', வெளிப்படையான இனிப்பு. இந்த வரிசைக்குள் அடங்காமல் 'ஃபைன்ஹெர்ப்' என்று ஒன்று திரியும். அதற்குச் சட்டத்தில் அளவே கிடையாது. பொதுவாக ஹால்ப்ட்ரோக்கனை ஒட்டி இருக்கும், சில சமயம் அதைத் தாண்டியும் இருக்கும். தயாரிப்பவரின் நாக்கை நம்பித்தான் வாங்க வேண்டும்.

இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஊட்டச்சத்து விவரம் கட்டாயம். பெரும்பாலும் பின்பக்க லேபிளில் கியூஆர் கோடாக இருக்கும். போனைக் காட்டினால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று வரும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. கடையில் நின்றுகொண்டே இதைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நமக்கு இது புதிய பாடம் இல்லை. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி, வறுத்த மீனுக்கு எலுமிச்சை என்று கொழுப்புக்கு எதிரே புளிப்பை வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். வெள்ளை ஒயின் செய்வதும் அந்த எலுமிச்சையின் வேலையைத்தான். சிவப்பு ஒயினில் 'டானின், டானின்' என்று பெரிதாகப் பேசுவார்களே, அது நம்மூர்த் துவர்ப்பு. வெள்ளையில் அது அநேகமாக இல்லை. மிஞ்சுவது புளிப்பும் இனிப்பும்தான். அறுசுவையில் இரண்டை மட்டும் கவனித்தால் போதும்.

ஜெர்மன் தட்டில் இறைச்சி எது என்று பார்க்காதீர்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதே பன்றிக்கறி சாவர்க்ராவ்ட்டோடு வந்தால் ஒரு ஒயின், காளான் கிரீம் சாஸோடு வந்தால் வேறு ஒயின். நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை:

தட்டில் புளிப்பு எவ்வளவு? சாவர்க்ராவ்ட், வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு சாலட், ஊறவைத்த வெள்ளரி, கடுகு விழுது. தட்டைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் தண்ணீராகிவிடும்.

கொழுப்பும் உப்பும் புகையும்? கொழுப்பு புளிப்பைக் கேட்கும். உப்பும் புகையும் கொஞ்சம் இனிப்பைக் கேட்கும்.

தட்டிலேயே இனிப்பு இருக்கிறதா? ஆப்பிள் போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ், பிரைசல்பேரன் என்ற புளிப்புப் பழ ஜாம், திராட்சை போட்ட குழம்பு. இவற்றுக்கு எதிரே கறாரான டிரோக்கன் வைத்தால் ஒயின் கசந்து போகும்.

தட்டு சாதுவா? வெள்ளை ஆஸ்பாரகஸ், நன்னீர் மீன் போன்றவை மெல்லப் பேசுபவை. சத்தம் போடும் ஒயின் அவற்றை மூழ்கடிக்கும்.

பிறகு காசு. என் எல்லை பாட்டிலுக்கு 10 யூரோ. டிஸ்கவுண்டர் கடையில் 3 யூரோவிலிருந்தே கிடைக்கும். 5 முதல் 8 வரை சூப்பர் மார்க்கெட்டில் ஒழுங்கான தேர்வு உண்டு. அதே காசுக்கோ ஒன்றிரண்டு யூரோ கூடுதலாகவோ நேராகத் தோட்டக்காரரிடமே வாங்கலாம். சாதாரண ஒயினுக்கு ஜெர்மனியில் தனி மதுவரி கிடையாது. அதனால்தான் இந்த விலையில் நல்ல பொருள் சாத்தியமாகிறது. நுரைக்கும் 'செக்ட்' அப்படி இல்லை. 1902-ல் கைசரின் கடற்படைக்குப் பணம் திரட்டப் போட்ட வரி இன்றும் பாட்டிலுக்கு 1.02 யூரோ. கப்பல் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது, வரி போகவில்லை.

## ரீஸ்லிங் டிரோக்கன்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரூசல்ஸ்ஹைம் என்று ஒரு இடம். இன்றைக்கு ஓப்பல் கார் ஊர். அங்கே ஒரு பிரபுவின் நிலவறைக் கணக்கில், 1435 மார்ச் 13 தேதியிட்ட வரவு செலவில்தான் ரீஸ்லிங் கொடியின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. அறுநூறு வருடமாக இந்தச் சாப்பாடும் இந்தத் திராட்சையும் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பழகிப் போனதில் ஆச்சரியமில்லை.

இதன் பலம் புளிப்பு. லிட்டருக்கு 7, 8 கிராம் அமிலம் சாதாரணம். ஷ்னிட்சல் என்ற பொரித்த கறித்துண்டு, தோல் மொறுமொறுத்த பன்றித் தொடை, கடுகு தொட்ட பிராட்வுர்ஸ்ட் சாசேஜ், சாவர்க்ராவ்ட், எல்லாவற்றையும் தாங்கும். ஃபால்ஸ் வட்டாரத்தில் 'ஸாவ்மாகன்' என்று ஒரு பண்டம் உண்டு. பன்றி இரைப்பைக்குள் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைத்து, துண்டு போட்டு வறுப்பது. ஹெல்முட் கோல் ஜெர்மனியின் தலைவராக இருந்தபோது வெளிநாட்டுத் தலைவர்களுக்கு இதைத்தான் போடுவார். 1989-ல் மார்கரெட் தாட்சரை டைடஸ்ஹைமுக்கு அழைத்துவந்து சாப்பிட வைத்தார். டைடஸ்ஹைம் ரீஸ்லிங்குக்குப் பெயர் போன ஊர். கனமான தட்டுக்கு எதிரே என்ன வைக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

10 யூரோவுக்குள் என்றால் ஃபால்ஸிலும் ரைன்ஹெஸ்ஸனிலும் தேடுங்கள். காரணம் நிலம். அங்கே தோட்டங்கள் பெரும்பாலும் சமதளமும் மென்சரிவுமாக இருப்பதால் இயந்திரம் உள்ளே போகும். மோஸல் நதிக்கரையின் செங்குத்துச் சரிவுகளில் ஆள்தான் ஏற வேண்டும். வேலை பல மடங்கு. மோஸலில் பிரெம் ஊருக்குப் பக்கத்துக் கால்மோண்ட் சரிவு சுமார் 65 பாகை. நிற்பதே கஷ்டம், அங்கே அறுவடை வேறு. 'மோஸல்' என்று எழுதிய 3 யூரோ பாட்டில் அந்தச் சரிவிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

லேபிளில் 'குட்ஸ்அப்ஃப்யுல்லுங்' அல்லது 'எர்ட்சொய்கர்அப்ஃப்யுல்லுங்' என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது, தோட்டக்காரர் தன் திராட்சையைத் தானே ஒயினாக்கி அடைத்தது. இரண்டாவதில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமும் அடங்கும். அந்தச் சொற்கள் இல்லாமல் வெறும் 'அப்ஃப்யுலர்' என்றிருந்தால், வாங்கிக் கலந்து அடைக்கும் பெரிய நிறுவனமாக இருக்கலாம். கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே காசுக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

எங்கே கவிழும்? கிரீம் சாஸ், சீஸ் கொட்டிய பண்டங்கள், இனிப்பான சிவப்பு முட்டைக்கோஸ். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரண்டாவது கிளாஸை மறுப்பார்கள். அதுவும் கணக்கில் வர வேண்டும்.

## ரீஸ்லிங் ஃபைன்ஹெர்ப், காபினெட்

மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் போடுகிறோம். அதை யாரும் இனிப்புப் பண்டம் என்று சொல்வதில்லை. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மோஸலின் ஃபைன்ஹெர்ப் ரீஸ்லிங்கும், 'டிரோக்கன்' என்று எழுதாத 'காபினெட்' என்ற லேசான தரவகையும் அப்படித்தான். காபினெட்டில் சர்க்கரை லிட்டருக்கு 40 கிராமைத் தொடலாம். எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்; கோலா பானத்தில் 100-க்கு மேல். கூடவே இருக்கும் கூர்மையான புளிப்பு அந்த இனிப்பில் பாதியை மறைத்துவிடும். நான் வாங்கிய 'லீப்லிஷ்' தோற்றதற்குக் காரணம் சர்க்கரை மட்டுமில்லை. அதைப் பிடித்து நிறுத்தப் புளிப்பு இல்லை.

காஸ்லருக்கு, புகையூட்டிய மீனுக்கு, கிறிஸ்துமஸ் வாத்துக்கு, ரைன்லாந்து சாவர்பிராட்டனுக்கு இதை மிஞ்ச வெள்ளை ஒயின் கிடையாது என்பது என் கட்சி. சாவர்பிராட்டன் என்றால் வினிகரிலும் மசாலாவிலும் நாள் கணக்கில் ஊறிய மாட்டிறைச்சி. ரைன்லாந்தில் குழம்பில் உலர்திராட்சை போட்டு, இஞ்சி மணக்கும் கேக்கை உதிர்த்துக் கெட்டியாக்குவார்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தக் குழம்புக்குப் பதில் சொல்லக் கிளாஸிலும் அந்த இரண்டும் வேண்டும். இன்னொன்று: நீங்கள் சமைக்கிற ஜெர்மன் சாப்பாட்டில் கை பழக்கத்தில் ஒரு பச்சை மிளகாய் விழுந்துவிட்டால், காரத்தைத் தணிப்பதும் இதுதான். டிரோக்கன் காரத்தை ஏற்றிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று கௌரவம். டிரோக்கன்தான் நாகரிகம், இனிப்பு ஒயின் பாட்டி காலத்துச் சரக்கு என்று நினைக்கும் ஜெர்மானியர்கள் நிறைய. லேபிளைக் காட்டினால் மூக்கைச் சுளிப்பார்கள். சொல்லாமல் ஊற்றினால் இன்னொரு கிளாஸ் கேட்பார்கள். நான் சொல்லாமல் ஊற்றும் கட்சி. இரண்டாவது, ஆல்கஹால். காபினெட்டில் 8, 9 சதவீதம்தான். நல்ல விஷயம், ஆனால் சாறு மாதிரி இறங்கும், பாட்டில்கள் சீக்கிரம் காலியாகும். நான்கு போதும் என்று நினைத்த இடத்தில் ஐந்து ஆகும்.

நல்ல மோஸல் காபினெட் 10 யூரோ எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், தாண்டவும் செய்யும். ஃபைன்ஹெர்ப் அதைவிட மலிவு.

## சில்வானர்

இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஒரு காலத்தில் ஜெர்மனியில் மிக அதிகம் பயிரானது இதுதான். இன்றைக்குக் கடை அலமாரியில் கீழ்த்தட்டில் கிடக்கிறது. பெயருக்கு மவுசு இல்லாததால் விலையும் ஏறவில்லை. அதே தோட்டக்காரரிடம் ரீஸ்லிங்கைவிட ஒன்றிரண்டு யூரோ குறைவாகக் கிடைப்பது வழக்கம். அக்கறையாகச் செய்த 6 யூரோ சில்வானர், ஏனோதானோவென்று செய்த 9 யூரோ ரீஸ்லிங்கைவிட மேல்.

வாசனை அதிகம் இல்லை. பேரிக்காய், வைக்கோல், ஈரமண் என்று மெல்ல ஏதோ வரும். புளிப்பு மிதம். அதனால்தான் ஷ்பார்கல் என்ற வெள்ளை ஆஸ்பாரகஸுக்கு இதுவே முதல் துணை. வசந்தம் தொடங்கியதிலிருந்து ஜூன் 24, புனித யோவான் நாள் வரை இந்த ஊரே ஷ்பார்கல் பைத்தியம் பிடித்து அலையும். வேகவைத்த தண்டு, உருளைக்கிழங்கு, பன்றித்தொடைக் கறியின் மெல்லிய சீவல், மேலே முட்டையும் வெண்ணெயும் கடைந்த ஹொலாண்டேஸ் சாஸ். ஷ்பார்கலின் மெல்லிய கசப்பு, கூர்மையான ரீஸ்லிங்கை உலோகம் மாதிரி ருசிக்க வைத்துவிடும். சில்வானர் சண்டை போடாது. வெண்ணெயில் வறுத்த ட்ரௌட் மீன், கோழிக்கறி, காய்கறி சூப், எங்கள் ஊரின் ஷ்புண்டெகேஸ் என்ற கடைந்த பாலாடைக்கட்டி, எல்லாவற்றோடும் அப்படியே.

ரைன்ஹெஸ்ஸனும் ஃபிராங்கனும் இதன் இரண்டு வீடுகள். ஃபிராங்கனில் இதை முதலில் நட்டது காஸ்டெல் ஊரில், 1659-ல். அங்கே டிரோக்கன் என்றால் கறார். 4 கிராமுக்குக் கீழ் என்பது வட்டார வழக்கு. வ்யுர்ட்ஸ்புர்க் நகரில் 1316-ல் தொடங்கிய ப்யுர்கர்ஷ்பிட்டாலும் 1576-ல் தொடங்கிய யூலியஸ்ஷ்பிட்டாலும் ஏழைகளையும் நோயாளிகளையும் பராமரிக்கப் பிறந்த அறக்கட்டளைகள். அந்தத் தொண்டுக்குப் பணம் தந்தவை இன்றும் அவற்றிடம் இருக்கும் ஒயின் தோட்டங்கள்.

ஃபிராங்கனில் மறைந்திருக்கும் செலவு பாட்டிலின் வடிவம். 'போக்ஸ்பாய்டல்' என்ற அந்தத் தட்டையான குப்பி அழகுதான். ஆனால் குளிர்பெட்டிக் கதவில் நிற்காது, உள்ளே அடுக்குத் தட்டில் இடத்தை அடைக்கும். அந்த மவுசுக்கும் சேர்த்து விலை ஏறும். ரைன்ஹெஸ்ஸன் சில்வானர் சாதா பாட்டிலில் வரும். பட்ஜெட் விருந்துக்கு நான் எடுப்பது அதைத்தான்.

சாவர்க்ராவ்ட் முன்னால் இது தோற்றுவிடும். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

## கிராவ்புர்குண்டர், வைஸ்புர்குண்டர்

புளிப்பே ஆகாது என்பவர்களுக்கு. கிராவ்புர்குண்டர் வேறு யாருமில்லை, இத்தாலியின் பினோ கிரிஜோதான்; ஜெர்மனியில் கொஞ்சம் உடம்பு போட்டிருக்கும். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸ், வெண்ணெயில் வதக்கிய மவுல்டாஷன் என்ற பூரணம் அடைத்த மாவுப் பண்டம், கிரீம் சாஸில் ஷ்னிட்சல், வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் தூவிய ஃபிளாம்குஹன் என்ற மெல்லிய ரொட்டி ஆகியவற்றோடு சரியாகப் போகும். ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தொடும்.

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். அதனால் பெயரை நம்பியே விற்கும் வெறும் சரக்கும் நிறைய. பக்கத்தில் நிற்கும் வைஸ்புர்குண்டர் பெரும்பாலும் அதே விலை, அதைவிட நிதானம். இரண்டில் ஒன்றென்றால் எனக்கு வைஸ்புர்குண்டர்.

## முல்லர்-துர்காவ்

சுவிட்சர்லாந்தின் துர்காவ் பகுதியைச் சேர்ந்த ஹெர்மன் முல்லர், 1882-ல் கைஸன்ஹைம் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய கலப்பு. ரீஸ்லிங்கும் சில்வானரும் சேர்ந்த பிள்ளை என்று நம்பி 'ரிவானர்' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். பிற்பாடு மரபணுச் சோதனையில் பார்த்தால் சில்வானருக்குச் சம்பந்தமே இல்லை. மற்றொரு பெற்றோர் மாட்லென் ரொயால் என்ற திராட்சை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. லேபிளில் ரிவானர் என்றிருந்தால் பெரும்பாலும் டிரோக்கன்.

மலிவு, மென்மை, லேசான மஸ்கட் திராட்சை மணம். இருபது பேர் வரும் கிரில் விருந்து, குளிர்ந்த சாசேஜ் தட்டு, மயோனைஸ் போட்ட வடக்கத்தி உருளைக்கிழங்கு சாலட் என்றால் போதும். சமீபத்து ஆண்டு பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். வைத்திருந்து குடிக்கிற ஒயின் இல்லை.

## எல்லை தாண்டி: க்ருனர் ஃபெல்ட்லினர்

ஆஸ்திரிய ஒயின். ஆனால் ஷ்னிட்சலும் வினிகர் ஊற்றிய தெற்கத்தி உருளைக்கிழங்கு சாலட்டும் பவேரியாவுக்கும் வியன்னாவுக்கும் பொது, ஆகவே இங்கே இடம் உண்டு. வெள்ளை மிளகு மாதிரி ஒரு நெடி இதன் அடையாளம். 1985-ல் சிலர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்து அகப்பட்ட ஊழலுக்குப் பிறகு ஆஸ்திரியா ஒயின் சட்டத்தை இறுக்கிவிட்டது. ரீஸ்லிங் அலுத்துப் போன வீட்டுக்கு நல்ல மாற்று.

## ஒரே பார்வையில்

| ஒயின் | புளிப்பு | இனிப்பு | விலை | கை கொடுக்கும் தட்டு | கவிழும் இடம் |
|---|---|---|---|---|---|
| ரீஸ்லிங் டிரோக்கன் | அதிகம் | இல்லை முதல் லேசு வரை | 5–9 யூரோ | சாவர்க்ராவ்ட், ஷ்னிட்சல், பிராட்வுர்ஸ்ட் | ஷ்பார்கல், கிரீம் சாஸ் |
| ஃபைன்ஹெர்ப், காபினெட் | அதிகம் | தெரியும் | 6–10, மேலும் | காஸ்லர், வாத்து, சாவர்பிராட்டன், காரம் | 'டிரோக்கன் மட்டும்' விருந்தாளிகள் |
| சில்வானர் | மிதம் | இல்லை | 4–8 | ஷ்பார்கல், மீன், கோழி | சாவர்க்ராவ்ட், வினிகர் |
| புர்குண்டர் இருவர் | குறைவு | இல்லை | 5–9 | சீஸ், கிரீம், மவுல்டாஷன் | புளித்த பண்டங்கள் |
| முல்லர்-துர்காவ் | குறைவு | லேபிளைப் பொறுத்து | 3–6 | கிரில், குளிர்ந்த தட்டு | கனமான குழம்பு |
| க்ருனர் ஃபெல்ட்லினர் | மிதம் முதல் அதிகம் | இல்லை | 5–9 | ஷ்னிட்சல், வினிகர் சாலட் | இனிப்பான குழம்பு |

விலைகள் நான் வாங்கிப் பழகிய அளவில் சொல்வது. ஊருக்கும் கடைக்கும் தகுந்தபடி ஒரு யூரோ முன்னே பின்னே இருக்கும்.

## ரசீதில் வராத செலவு

எட்டுப் பேர், ஆளுக்கு அரை பாட்டில் என்றால் நான்கு பாட்டில், மூன்று லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் 6 யூரோ என்றால் லிட்டருக்கு 8 ஆகிறது. தோட்டக்காரர்கள் ஒரு லிட்டர் பாட்டிலிலும் விற்பார்கள். கடைக்காரர் அதை முன்னால் வைக்க மாட்டார், கௌரவம் குறைவாம். ஆனால் அது பெரும்பாலும் அவர்கள் தங்கள் சொந்தத் திண்ணையில் ஊற்றுகிற சரக்கு. லிட்டர் 6.50 என்றால் மூன்று பாட்டில் 19.50; அந்தப் பக்கம் 24. ஜாடியில் ஊற்றி மேசையில் வைத்தால் பாட்டிலின் அளவை யாரும் பார்க்கப் போவதில்லை.

தபாலில் வரவழைத்தால் ஆறு அல்லது பன்னிரண்டு பாட்டிலுக்குக் கீழே அனுப்பும் செலவு பாட்டில் விலையைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்குங்கள். அதைவிட நல்லது, கோடையிலேயே ஒரு 'ஷ்ட்ரவுஸ்விர்ட்ஷாஃப்ட்'டுக்குப் போய்வருவது. தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்தில் வருடத்தில் நான்கு மாதம் வரை நடத்தும் சிறு சாப்பாட்டுக்கடை அது. ருசி பார்த்து, பிடித்ததைக் கையோடு ஆறு எடுத்துவரலாம்.

திருகு மூடியை இளப்பமாகப் பார்க்காதீர்கள். கார்க் அடைத்த பாட்டில் சில நேரம் ஈர அட்டைப்பெட்டி வாசனையோடு வந்து காலை வாரும். 7 யூரோ ஒயினுக்கு அந்தச் சூதாட்டம் எதற்கு?

காரில் வருகிறவர்களுக்கு ஜெர்மனியில் ரத்தத்தில் ஆல்கஹால் எல்லை 0.5 புரோமில், அதாவது ஆயிரத்துக்கு அரைப் பங்கு. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பூஜ்யம். அவர்களுக்காகவும் குடிக்காத பெரியவர்களுக்காகவும் வெள்ளைத் திராட்சைச் சாறு ஒன்றிரண்டு பாட்டில். பல தோட்டக்காரர்கள் தாங்களே பிழிந்து விற்கிறார்கள். 'அல்கஹோல்ஃப்ரை' என்று எழுதிய ஒயினில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை, அறவே தொடாதவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சைவ விருந்தாளி இருந்தால் இன்னொரு விஷயம். ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் ஜெலட்டின், முட்டை வெள்ளை, பால் புரதம், மீனிலிருந்து எடுக்கும் பசை இவற்றைப் பயன்படுத்துவது உண்டு. 'வேகன்' என்ற முத்திரை உள்ள பாட்டில் அதே விலையில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஊற்றுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் குளிர்பெட்டியில் வையுங்கள். மறந்துவிட்டால் பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்ட வாளியில் இருபது நிமிடம். டிசம்பரில் பால்கனியே போதும். இரவு முழுக்க விட்டு உறைய வைத்துவிடாதீர்கள்.

## சில நேரடிப் பதில்கள்

வாத்தும் சிவப்பு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கு உருண்டையும்: ஃபைன்ஹெர்ப். யோசிக்கவே வேண்டாம்.

ஷ்பார்கல்: சில்வானர். கிடைக்காவிட்டால் வைஸ்புர்குண்டர்.

கோடை கிரில்: முல்லர்-துர்காவ், அல்லது மலிவான ரீஸ்லிங் டிரோக்கனோடு சரிபாதி சோடாத் தண்ணீர். 'ஷோர்லே' என்ற இந்தக் கலவையை ஃபால்ஸில் புள்ளிக்குழி போட்ட அரை லிட்டர் கிளாஸில் ஊற்றிக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். நல்ல பாட்டிலை இதற்கு வீணாக்காதீர்கள்.

வெள்ளை சாசேஜ், அதாவது வைஸ்வுர்ஸ்ட்: ஒயினே வேண்டாம். பவேரியாக்காரர்கள் கோதுமை பீரோடு சாப்பிடுகிறார்கள், அவர்கள் சொல்வதுதான் சரி. பிராங்பர்ட் பக்கத்து ஹாண்ட்கேஸ் என்ற நெடியடிக்கும் சீஸுக்கும் ஆப்பிள் ஒயின்தான்.

யார் வருகிறார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்றே தெரியாத விருந்து: ரைன்ஹெஸ்ஸன் ரீஸ்லிங் டிரோக்கன் இரண்டு, வைஸ்புர்குண்டர் இரண்டு. புளிப்பு பிடித்தவர் ஒரு பக்கம், பிடிக்காதவர் மறுபக்கம்.

சனிக்கிழமை காஸ்லர் செய்யப் போகும் நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இது: ஃபைன்ஹெர்ப் ரீஸ்லிங் மூன்று, டிரோக்கன் ஒன்று. முதலில் ஃபைன்ஹெர்ப்பைத் திறந்து அரை கிளாஸ் சாவர்க்ராவ்ட் பானைக்குள் ஊற்று, இரண்டு ஜூனிப்பர் காய், ஒரு பிரிஞ்சி இலை போட்டு மெல்லிய தீயில் மூடி வை. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் திருப்பி வை. லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வை.